எட்டு வயதுப் பிரெஞ்சோடு முள்ளிவாய்க்காலுக்கு

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியும் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், பிறகு பள்ளிக்கூடத்தில், கடைசியாகக் கம்பஸில். யாரும் பரிசோதித்ததில்லை. பரிசோதிக்க, எனக்குத் தெரிந்த வன்னியில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரும் இல்லை. இதைவிடப் பாதுகாப்பான பொய்யை ஒரு மனிதன் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். என் முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் பிறந்து, எட்டு வயதில் அம்மாவோடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவன் நான். பிரெஞ்சும் கூடவே வந்தது. ஆனால் அது எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் 'ரீச்சர், இவன் என்னைத் தள்ளுறான்' என்று பிரெஞ்சில் பிழையில்லாமல் முறையிடுவேன். 'எனக்கு மூத்திரம் வருது', 'இன்னும் ஒரு துண்டு சொக்கிலேற் தாங்கோ', 'நான் செய்யேல்லை, அவன்தான்' எல்லாம் நுனிநாக்கில் நிற்கும். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு இவற்றில் கடைசி வசனம் மட்டும்தான் உதவும்.

போன மாரியில் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் முள்ளிவாய்க்கால் கரைக்குப் போனோம். மீனவக் குடும்பங்களின் தொழில் பற்றி ஒரு ஆய்வு. ஒரு வீட்டில் திரேசம்மா என்பவர் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகன் அன்ரன் பிரான்ஸுக்குப் போய், அங்கே அறையில் நித்திரையிலேயே மாரடைப்பில் செத்துப்போனவன். கூட இருந்த பொடியன்கள் அடக்கம் செய்தார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கொரு நாடாகப் போய்விட்டார்கள். இதை அவர் சொல்லி முடிக்க, என் நண்பன் சுதர்சன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அம்மா, இவன் பிரான்ஸில பிறந்தவன். பிரெஞ்சு தண்ணி மாதிரிக் கதைப்பான்" என்றான்.

திரேசம்மா எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். வந்து ஒரு மாதமாம். வாசிக்க ஆளில்லையாம்.

நகரசபைக் கடிதம். அன்ரனின் பெயர் தெரிந்தது. 'மயானம்' தெரிந்தது; எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. 'வரிசை', 'இலக்கம்' தெரிந்தது. மிச்சச் சொற்கள் ஒவ்வொன்றும் ரயில் பெட்டி நீளம். அவரும், மகள் ஜெனிற்றாவும், என் வகுப்புக்காரர் ஐந்து பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரிந்த சொற்களுக்கு நடுவில் இருந்த பள்ளங்களை நான் என் நல்ல மனதால் நிரப்பினேன்.

"அம்மா, இது மகன்ர இடத்தின்ர விலாசம். பதின்மூண்டாம் வரிசை, நாப்பத்திரண்டாம் இலக்கம். அவை நல்லாப் பாக்கினமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம்."

அவர் கடிதத்தை வாங்கிக் கொஞ்சினார். இலக்கத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதற்கு முன்பே கடிதத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்திருந்தேன். பிரெஞ்சை மறுபடி படிக்க உதவும் என்று பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

மறுபடி படிப்பது என்ற திட்டம் எனக்குப் பல வருடமாக இருந்தது. நேரம்தான் இருக்கவில்லை. காலை எட்டிலிருந்து நாலு வரை விரிவுரை, பின்னேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு, இரவில் ஒப்படைகள். பலவாறு முயன்றேன். கம்பஸுக்குப் பக்கத்தில் தங்கியிருந்த வீட்டுக் கட்டில், வாளி, கதிரை எல்லாவற்றிலும் பிரெஞ்சுப் பெயர் எழுதி ஒட்டினேன். அறை நண்பன் வாளியில் ஒட்டியதைக் கிழித்து, "வாளிக்கு வாளி எண்டு தெரியாதவன் இந்த வீட்டில ஒருத்தனும் இல்லை" என்றான். செயலி ஒன்றை இறக்கினேன். அது ஒரு மாதம் முழுக்கப் பூனை பால் குடிப்பதைப் பற்றியே பேசியது. கிணற்றடியில் குளிக்க வரிசையில் நிற்கும் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு நிற்கும் கால் மணித்தியாலம், இவைதான் என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.

தையில் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அந்தக் கடிதத்தின் படம் கண்ணில் பட்டது. மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் போட்டேன். செயலி தந்த தமிழ் கரடுமுரடாக இருந்தது. ஆனால் அதில் 'எரித்தல்' என்று ஒரு சொல் இருந்தது.

செயலி பிழை விட்டிருக்கவேண்டும் என்று முடிவுகட்டினேன். நூலகத்தில் மட்டை கழன்ற ஒரு பிரெஞ்சு அகராதி இருந்தது. சொல் சொல்லாகப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று நாள் பிடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒழுங்காகப் பிரெஞ்சு படித்தது, ஒரு செயலி பிழை என்று நிரூபிக்கத்தான். அது பிழையில்லை.

கடிதம் சொன்னது இதுதான்: அன்ரனுக்கு இலவசமாகக் கொடுத்த இடத்துக்கு ஐந்து வருடம்தான் தவணை. தவணை முடிந்துவிட்டது. இன்ன திகதிக்குப் பிறகு நிலத்தைத் திருப்பி எடுப்பார்கள். எலும்புகளைப் பொது எலும்பறையில் வைப்பார்கள். இறந்தவருக்கு அதில் மறுப்பு இருந்தது என்று யாரும் தெரிவிக்காவிட்டால் எரிக்கவும் கூடும். குடும்பத்தினர் எழுத்தில் தொடர்புகொள்ளவும். திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

திரேசம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்று எடுத்தேன். அவர் உடனே, "தம்பி, சாப்பிட்டியோ" என்றார். ஓம் என்றேன். சுகமோ என்றேன். வைத்துவிட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லமுடியாது என்பது நல்ல காரணம். எனக்குத் துணிவில்லை என்பது உண்மையான காரணம்.

சனிக்கிழமை மத்தியானம் வவுனியாவில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் பிடிப்பதாகத் திட்டம். திங்கள் காலை பத்து மணிக்குப் புள்ளிவிபரவியல் பரீட்சை இருந்தது. ஞாயிறு பின்னேரமே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு வரும் புள்ளிகளைப் பார்த்தவர்கள் என் கணக்கை நம்பமாட்டார்கள்.

மடியில் அகராதி. கடிதத்துக்கு வேண்டிய சொற்களை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தேன். மறுப்பு. எலும்பு. தாயார். கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பின் இருக்கையில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகும் இரண்டு சிங்களத் தொழிலாளர் இருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் சிங்களத்தில், "பாவம், பெடியன் மந்திரம் ஓதுறான், நோய் ஏதும் இருக்கும்போல" என்றார். மற்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நோயில்லை, சோதினை" என்றார். இரண்டுமே கொஞ்சம் சரி என்று எனக்குப் பட்டது.

பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். முன்னால் முறிகண்டிப் பிள்ளையார் இருந்தார். இந்த வீதியால் போகிற எவரும் அவரிடம் நின்றுதான் போவார்கள். கைகூப்பிக் கண்ணை மூடிய பிறகுதான், முறிகண்டி என்றால் மாங்குளம் பின்னால் போய்விட்டது என்று உறைத்தது.

நடத்துநரிடம் போனேன். அவர் தேங்காய்ச் சொட்டு மென்றுகொண்டிருந்தார்.

"மாங்குளம், மாங்குளம் எண்டு மூண்டு தரம் கத்தினனான். நீர் என்னைப் பாத்துத் தலையாட்டினீர்."

"நான் தலையாட்டினது வேற விசயத்துக்கு அண்ணை."

"அப்ப அந்த விசயத்தில இறங்கும்" என்றார்.

ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினேன். சுருளைப் பிரித்துப் பார்த்தால் அது யாரோ பிள்ளையின் விடைத்தாள். புள்ளி பதினெட்டு. அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு பாசம் வந்தது.

கிளிநொச்சி தாண்டிப் பரந்தன் சந்தியில் இறங்கினேன். புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் காத்திருக்கவேண்டியிருந்தது. தேநீர்க்கடையில் பிளேன்ரீயும் வாய்ப்பனும். வாய்ப்பன் சூடாக, உள்ளே வாழைப்பழம் மணக்க, விரலில் எண்ணெய் ஒட்டும்படி இருந்தது. இரண்டாவது வாய்ப்பனைப் பிய்க்கும்போது பாரிஸின் பாண்கடை ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. கடையில், வைத்தியரிடம், நகரசபை வரிசையில், எல்லா இடத்திலும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். புலம்பெயர்ந்த வீடுகளில் மூத்த பிள்ளைக்குப் பல் விழமுதலே கிடைக்கிற உத்தியோகம் அது. ஒரு தடவை எனக்குத் தொண்டை நோவு. பெண் வைத்தியர் நீளமாகச் சொன்னதைக் கேட்டு அம்மாவிடம், "ஐஸ்கிறீம் குடுக்கட்டாம்" என்றேன். அம்மா ஒரு கிழமை வாங்கித் தந்தார். நோவு காதுக்கும் ஏறியது.

பரந்தன் சந்தியில் இருந்து யோசிக்க, எனக்கு மொழி மறந்தது பெரிய நட்டமில்லை, அந்தப் பழக்கம் மறக்காததுதான் நட்டம் என்று தெரிந்தது. வாய்ப்பனை முழுதாகத் தின்ன முடியவில்லை. இது நான் சொல்வதால் நம்பலாம்.

பின்னேரம் பஸ் வந்தது. உடையார்கட்டுக்குக் கிட்ட வர ஒரு பெரிய சத்தம். ரயர். மாற்று ரயரும் வெடித்த ரயரும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சாரதி இரண்டையும் பார்த்துவிட்டுச் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிக்கரையில் குந்திவிட்டார். இருட்டுவதற்குள் இன்னொரு பஸ் வரும் என்றார்கள், வராது என்றும் சொன்னார்கள். உடையார்கட்டு சுதர்சனின் ஊர். அவன் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அழைத்தேன். சைக்கிளில் வந்தான். முன்பாரில் என்னை ஏற்றி, நெல் வெட்டி முடித்த வயல்களுக்கு நடுவால் மிதித்தான்.

சுதர்சனின் பெற்றோர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவயதில் வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். இங்கே நாற்பது வருடம் வயல் செய்தும் அப்பாவின் பேச்சில் மலை அப்படியே இருக்கிறது.

"வாங்க தம்பி, உக்காருங்க. பஸ்ஸு காத்துப் போனது நமக்கு நல்லதாப் போச்சு."

அம்மா தேங்காய் ரொட்டி சுட்டுத் தந்தார். கூடவே செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். கண்ணில் தண்ணீர் வர வர நான் விசயத்தைச் சொன்னேன். அதனால் நான் அழுதேனா உறைப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது.

சுதர்சன் வழக்கமாக என்னை விடமாட்டான். அன்றைக்குப் பகிடி விடவில்லை. "உன்னைப் பிரெஞ்சு தெரிஞ்சவன் எண்டு சொன்னது நான்தானே. என்ர வாயிலயும் பிழை இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தொண்ணூறு வீதம் உன்ர பிழை" என்று திருத்தினான்.

அவனுடைய அப்பா ரொட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவ தோட்டத்துலதான் பொதைச்சோம். அப்புறம் அந்த எடத்துலயும் தேயில நட்டுட்டாங்க. ஒரு தடவ போயிப் பாத்தேன். எந்தச் செடின்னு தெரியல. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "நம்பரு ஒண்ணு இருந்துச்சுன்னா அந்தம்மாவுக்குப் பெரிய விசயம்தான் தம்பி. அத நீங்க குடுத்துட்டீங்க. இப்ப நீங்களே போயி எடுக்கணும்" என்றார்.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அதன் பிறகு ரொட்டி இறங்கவில்லை. அதற்குள் நாலு இறங்கிவிட்டது என்பது வேறு கதை.

ஞாயிறு காலை சுதர்சன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டான். தானும் வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சாட்சியோடு போய்ச் சொன்ன பொய்யைச் சாட்சியில்லாமல் போய்த் திருத்தலாம் என்று ஒரு கோழை யோசனை. புதுக்குடியிருப்பு தாண்ட வெளி திறந்துகொண்டது. ஒரு பக்கம் பனைகள், மற்றப் பக்கம் தூரத்தில் நந்திக்கடல் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருவர், பஸ் ஒரு வளைவைக் கடக்கும்போது, பேச்சை நிறுத்தி நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, இறால் விலையைப் பற்றிய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த வளைவில் எனக்குத் தெரிய ஒன்றும் இல்லை, புல்லைத் தவிர.

திரேசம்மா பூசைக்குப் போயிருந்தார். வீட்டில் ஜெனிற்றா இருந்தா. பாலர் பாடசாலை ஆசிரியை, என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ தம்பி. அம்மா உங்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதை" என்றா.

திரேசம்மா வந்தார். என்னைக் கண்டதும் பூசைச் சேலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் போனார். சொல்லவேண்டியதை உடனே சொல்லியிருக்கவேண்டும். புட்டும், கணவாய்க் கறியும், விளைமீன் சொதியும் வந்தன. முதல் கோப்பைச் சாப்பாடு முடியச் சொல்லுவோம் என்று நினைத்தேன். இரண்டாவது வந்தது. அதுவும் முடியட்டும் என்று நினைத்தேன். அவர் ஒரு மீன்துண்டை முள் எடுத்து என் கோப்பையில் வைத்து, "அன்ரனும் உப்பிடித்தான், முள்ளுக்குப் பயம்" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

கை கழுவியதும், "வா தம்பி, உனக்கு ஒண்டு காட்டவேணும்" என்று கூட்டிப்போனார்.

தேவாலயத்துக்குப் பின்னால், கடல் மணலில் சவக்காலை. அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குப் போய் உடல் திரும்பாதவருக்கும் ஒரு குருசு நடுவார்கள். கீழே ஒன்றும் இராது. மணல்தான். பெயரும் படகின் பெயரும் இருக்கும். மாதாவின் வணக்க மாதத்துக்கும் இறந்த ஆத்துமாக்களின் திருநாளுக்கும் அங்கேயும் மெழுகுதிரி எரியும். இத்தனை வருடமும் திரேசம்மா அன்ரனுக்கு அப்படியொன்று நடவில்லை. அவன் கடலில் போகவில்லையே, எங்கேயோ நிலத்தில் இருக்கிறானே, எங்கே என்று தெரியாமல் எப்படி நடுவது என்று விட்டுவைத்திருந்தார்.

இப்போது நட்டிருந்தார். வெள்ளைப் பூச்சுப் பூசிய சீமெந்துக் குருசு. அதில் நீல நிறத்தில் அன்ரனின் பெயர், அவன் அடக்கமான பிரெஞ்சு ஊரின் பெயர், அதற்குக் கீழே வரிசை 13, இலக்கம் 42. படகுகளுக்கு இலக்கம் எழுதுகிற பெயின்ரர் எழுதினாராம். அதனால் எழுத்துகள் தடித்து, ஓரம் சிவப்புக் கோடு போட்டு, தூரத்திலிருந்து கடற்படை பார்த்தாலும் வாசிக்கும்படி இருந்தன.

"இவன் தனியக் கிடக்கிறான் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இலக்கம் இருந்தால் ஆர் போனாலும் கண்டுபிடிப்பினம்தானே. கனடாவில இருக்கிற என்ர தம்பியின்ர மகள் வாற வருசம் பிரான்ஸுக்குப் போவாளாம். பூ வைக்கச் சொல்லியிருக்கிறன்."

நான் மணலில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன் என்று எழுத ஆசை. ஆனால் ஐந்து நிமிடம் பிரெஞ்சு மொழியின் கடினத்தைப் பற்றியும் செயலியைப் பற்றியும் சொன்னேன். பிறகு, அன்றைக்கு நான் அந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை, நாலு சொல்லைத்தான் வாசித்தேன், மிச்சத்தை நானாகச் சொன்னேன் என்றேன். கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். திகதியைச் சொன்னேன்.

கடல் பக்கத்திலிருந்து இயந்திரப் படகொன்றின் சத்தம் வந்து போனது. அவர் குருசைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கையில் மணலை அள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

"எலும்பை எங்கை வைப்பினம்?"

"பொதுவான ஒரு அறை அம்மா. கேக்க ஆளில்லாத ஆக்கள் எல்லாரையும் ஒண்டா."

"கன பேரோ?"

"கன பேர்."

"எல்லாரோடையும் கிடக்கிறது எங்களுக்குப் புதிசில்லை" என்றார். "எரிக்கக் கூடாது. அதை மட்டும் எழுது. பெத்த எனக்கு ஒரு எலும்பெண்டாலும் எங்கையாவது கிடக்கவேணும்."

எழும்பினார். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "குருசு அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஜெனிற்றாவிடம் அவர்தான் சொன்னார். ஜெனிற்றா என்னைப் பார்த்து, "அண்டைக்கு எவ்வளவு வேகமா வாசிச்சனியள் தம்பி" என்றா. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ள முயன்று தோற்றேன்.

மேசையில் அகராதியை விரித்து எழுத உட்கார்ந்தேன். பஸ்ஸில் உருப்போட்ட பெரிய சொற்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது எட்டு வயதுப் பிள்ளையின் பிரெஞ்சுதான். செயலியிடம் கேட்டால் அது கோட்டும் சூட்டும் போட்டு எழுதித் தந்திருக்கும். ஆனால் அது எழுதுவதை என்னால் சரிபார்க்க முடியாது. இனிமேல் எனக்கு விளங்காத ஒரு சொல்லையும் அந்த வீட்டில் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கடைசியில் கடிதம் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

'ஐயா, வணக்கம். நான் அன்ரனின் அம்மா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை எழுதுகிற பையனுக்குக் கொஞ்சம் தெரியும். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் பிந்தியதற்கு அவன்தான் காரணம். அன்ரன் கத்தோலிக்கன். அவனை எரிக்க வேண்டாம். நெருப்பு வேண்டாம். மற்ற ஆட்களோடு வைப்பது சரி. எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நன்றி.'

வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதில நெருப்பு எது?"

தொட்டுக் காட்டினேன். அதில் விரலை வைத்தார்.

"வேண்டாம் எது?"

காட்டினேன். அதிலும் விரலை வைத்தார். இப்படியே ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். கம்பஸில் எந்தப் பரீட்சையும் என்னை இப்படி வியர்க்க வைத்ததில்லை. ஓரிடத்தில் ஒரு சின்னச் சொல்லைக் காட்டி இது என்ன என்றார். நான் யோசித்துவிட்டு, "தெரியேல்லை அம்மா, ஆனா அந்த இடத்தில அது வரவேணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அகராதியை எடுத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த சொல்லுக்கு விரல் நகர்ந்தது.

கையெழுத்து வைத்தார். அன்ரனின் பிறப்புச் சான்றிதழையும் ஜெனிற்றா கொண்டுவந்து தந்தா. எல்லாவற்றையும் படம் எடுத்து, நகரசபைக் கடிதத்தின் தலைப்பில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினோம். போய்விட்டதா என்று மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போயிருந்தது. சத்தம் சிலமன் இல்லாமல் போகிற ஒரு காரியத்துக்கு இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது விநோதமாக இருந்தது.

அதற்குள் பின்னேர பஸ்ஸும் போய்விட்டது. அன்றைக்கு அங்கேயே தங்கினேன். திரேசம்மா வழக்கத்தைவிட நேரத்தோடு படுத்துக்கொண்டார். சாப்பாட்டை ஜெனிற்றாதான் போட்டா. மீனில் முள்ளை நானே எடுத்தேன்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில், இந்தத் தடவை சுற்றாமல், ஒட்டுசுட்டான் பக்கத்தால் மாங்குளம் வந்து சேர்ந்தேன். அகராதி பையிலேயே கிடந்தது. வவுனியாவில் இறங்கும்போது மணி பதினொன்றே கால். புள்ளிவிபரவியலை அடுத்த வருடம் எழுதுவேன். விரிவுரையாளரிடம் காரணம் சொல்லப் போனேன். 'நான் செய்யேல்லை' என்ற வசனம் பிரெஞ்சில் வாயில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் பரீட்சைக்கு வராதவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார்.

அதன் பிறகு தினமும் ஒரு மணித்தியாலம் பிரெஞ்சு. எங்கிருந்து அந்த நேரம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அது முன்பும் அங்கேதான் இருந்திருக்கவேண்டும்.

திகதிக்கு முதல் நாள் நகரசபையிலிருந்து பதில் வந்தது. ஆறு வரி. செயலியைத் திறக்கவில்லை. அகராதியோடு இருந்து மூன்று தடவை வாசித்தேன். மறுப்புப் பதிவுசெய்யப்பட்டது. எரிக்கமாட்டார்கள். பெயர் எழுதிய சிறு பெட்டியில் எலும்பறையில் வைப்பார்கள். பதிவேட்டிலும் பெயர் இருக்கும். குடும்பத்தில் யாரும் எப்போதும் வந்து கேட்கலாம். கீழே எழுதுவினைஞர் ஒருவரின் பெயர். அதற்கு மேலே, தாயாருக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படி ஒரு வரி. அந்த வரியில் ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகம் இருந்தது. நூலகத்துக்கு ஓடிப்போய் இன்னொரு அகராதியிலும் பார்த்தேன்.

பிறகு திரேசம்மாவுக்கு அழைத்தேன். நான் சாப்பிட்டேனா என்று அவர் இந்தத் தடவை கேட்கவில்லை. கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். எரிக்கமாட்டினமாம் அம்மா என்றேன். பெயர் எழுதிய பெட்டியாம் என்றேன்.

"இது வாசிச்சுச் சொல்லுறியோ, நினைச்சுச் சொல்லுறியோ?" என்றார்.